விட்டமின் தண்ணிக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு

2025 மார்ச் 6, வியாழன்

நேற்று விபூதிப் புதன். கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த மனிதர் இன்று காலையே எனக்குக் கெமிஸ்ட்ரி படிப்பிக்க ஆரம்பித்துவிட்டார்.

"கொறற்றி, கான்சர் செல்லுக்கு ஒக்சிஜன் ஆகாது. தெரியுமா ஒனக்கு?"

தெரியாதாம் எனக்கு. மாத்தளையில் இருபத்தாறு வருடமாக உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள் நான். ஒட்சியேற்றம் தாழ்த்தல் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்லித் தருகிறவர் என் வீட்டுக்காரர் ரபாயேல், இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியில் முப்பத்தைந்து வருடம் கொழுந்தைத் தூளாக்கும் டீமேக்கராக இருந்து பென்ஷன் வாங்கியவர்.

போன மாதம் பன்னிரண்டாம் திகதி கண்டியில் இவர் குடலில் ஒரு சாண் வெட்டி எடுத்தார்கள். கட்டி போய்விட்டது. ஆனால் பக்கத்து நெறிக்கட்டிகள் இரண்டில் அது விதை போட்டிருக்கிறதாம். மார்ச் 25 கீமோ தொடங்க வேண்டும், கூடிப்போனால் ஏப்ரல் நடுப்பகுதி, அதற்கு மேல் தள்ளினால் பலன் குறைந்துகொண்டே போகும் என்று பெரிய டொக்டர் விரலை நீட்டிச் சொன்னார். இவர் அதற்குத் தலையாட்டிவிட்டு வந்து இப்போது ஒக்சிஜன் பேசுகிறார்.

எல்லாம் பக்கத்து வீட்டுச் சாலிஹ் நானா செய்த வேலை. மிளகு, கறுவா வியாபாரத்தோடு நிற்கக்கூடாதா? அவருடைய முழங்கால் வலி விட்டமின் சேலைன் ஏற்றிப் பறந்துவிட்டதாம். "டீச்சர், நான் இப்ப தொழுகைக்குக் கதிரை இல்லாம குனியிறேன்" என்கிறார். முழங்காலும் குடலும் ஒன்றா மனுசா!


மார்ச் 8, சனி

இவரோடு போய்ப் பார்த்தேன். பார்க்காமல் திட்டுவதை விடப் பார்த்துவிட்டுத் திட்டினால் இன்னும் நன்றாக வரும்.

திரைச்சீலைக் கடைக்கு மேல்மாடி. "உயிர்க்காற்று வெல்னஸ் சென்டர்." உள்ளே சாய்வு நாற்காலிகள், குளிரூட்டி, மெல்லிய சங்கீதம். நடத்துகிறவர் ரொஹான். எனக்கு இந்த முகம் தெரியும்! தோட்டம் தோட்டமாக மோட்டார் சைக்கிளில் வந்து களைநாசினி விற்றவர். முன்பு புல்லைச் சாகடித்தார், இப்போது ஆட்களைப் பிழைக்க வைக்கிறார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இல்லை, அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைக் கோட்.

சுவரில் அட்டவணை. காலையில் விட்டமின் சீ சேலைன், ஒட்சியேற்றத்தைத் தடுக்க. பின்னேரம் ஓசோன், ஒட்சியேற்ற. ஒரே ஆளுக்கு, ஒரே நாளில்! காலையில் துருவைச் சுரண்டிவிட்டுப் பின்னேரம் தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்க வைக்கிறார்கள்.

"இதுல எது மருந்து தம்பி?"

"ரெண்டும்தான் டீச்சர். பாலன்ஸ்." பிறகு அவரே குரலைத் தாழ்த்தி, "விட்டமின் சீ கொஞ்சமா போனாத்தான் தடுக்கும். கூடப் போனா அதுவே பரவொட்சைட் உண்டாக்கி கான்சர் செல்ல எரிக்கும்."

நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். அவர் என்னை விட்டுவிட்டு இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க டீமேக்கர். பச்சைக் கொழுந்து எப்படிக் கறுக்குது? காத்துல இருக்கிற ஒக்சிஜனாலதானே? அளவா விட்டா தேத்தண்ணி, கூட விட்டா குப்பை. நாங்க கான்சரக் குப்பையாக்குறோம்."

இவர் முகம் மலர்ந்ததே, அப்பப்பா! கல்யாணத்தன்று கூட இப்படி மலரவில்லை.

"அப்ப மிச்ச உடம்ப என்ன செய்வீங்க, கொழுந்து அரைக்கிற ரோலர்ல போடுவீங்களா?" என்றேன். என்னைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.


மார்ச் 12, புதன்

முதல் போத்தல் திங்கட்கிழமை ஏறிவிட்டது. வாரத்துக்கு மூன்று போத்தலாம். கூடவே ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தினேன். "இலத்திரனை வாங்கும் விட்டமின்" என்று போட்டிருக்கிறது. வாங்காதடா, கொடுக்கும்! "இரத்தம் கழுவப்படுகிறது" என்ற இடத்தில் "எதனால்? சவர்க்காரத்தாலா?" என்று எழுதினேன். இரக்கப்பட்டுப் பன்னிரண்டு புள்ளி போட்டு, வட்டம் போட்டு, பிரிட்ஜில் ஒட்டினேன்.

இவர் பார்த்தார். தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போனார். கொழும்பிலிருந்து ஜெனிஸ்டா போனில், "அம்மா, அப்பாவோட கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்" என்கிறாள். மகள் எப்போதும் அப்பா கட்சி.


மார்ச் 17, திங்கள்

பள்ளிக்கூடத்துக் கம்பியூட்டரில் இரண்டு மணித்தியாலம் தேடி வாசித்தேன். எரிச்சல். ரொஹான் சொன்னது முழுப்பொய் இல்லை. நிறைய விட்டமின் சீயை நரம்பில் நேரே ஏற்றினால் ஐதரசன் பரவொட்சைட்டு உண்டாகலாமாம், ஆய்வுகூடப் பாத்திரத்தில் கான்சர் கலங்கள் செத்திருக்கின்றன. ஆட்களில் கீமோவுக்குப் பதிலாகக் கொடுக்க அத்தாட்சி இல்லை. சிலர் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள், இன்னும் முடிவு இல்லை.

பாத்திரத்தில் பினைல் ஊற்றினாலும்தான் சாகும். சரி. ஆனாலும் "அவன் சொன்னதுல கொஞ்சம் இருக்குது" என்று இவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியிருப்போமோ என்னவோ.


மார்ச் 25, செவ்வாய்

இவர் கண்டிக்குப் போகவில்லை.

ஆறு மணிக்கு நான் சேலை கட்டி, பைல் எடுத்து, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி வாசலில் நிற்கிறேன். இவர் சாரத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

"நான் வரல."

நான் என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். களைநாசினிக்காரன் உங்களைக் களை பிடுங்கப் போகிறான் என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இவர் கத்தவில்லை. கத்தினால் பரவாயில்லையே.

"பெக்டரியில என்னோட வேலை செஞ்ச தங்கராசு கீமோ எடுத்து எப்படிக் கெடந்தான்னு நான் பாத்தேன் கொறற்றி. நீ கீமோன்னாலும் சிரிக்கிற, விட்டமின்னாலும் சிரிக்கிற. அந்த ரொஹான் ஒருத்தன்தான் என் கையப் பிடிச்சுப் பேசுறான்."

கையைப் பிடிக்கிறானாம். நரம்பு தேடுகிறான், வேறென்ன!

பகல் கண்டிக்குத் தனியாகப் போய், பெரிய டொக்டருக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்று, ஏப்ரல் 10க்கு இன்னொரு திகதி வாங்கி வந்தேன். "இதையும் விட்டா இந்த மருந்தால பிரயோசனம் குறைவு" என்றார். பஸ்ஸில் அக்குறணை தாண்டும்வரை அழுதேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனேன்.


மார்ச் 29, சனி

சாலிஹ் நானாவின் முழங்கால் திரும்ப வலிக்கிறதாம். ஆண்டவரே, நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.


ஏப்ரல் 4, வெள்ளி, பின்னேரம் 2.40

மாட்டினாரய்யா ரொஹான்!

இன்று காலையில் இவருக்கு "ஸ்பெஷல் டோஸ்". வழமையைவிட இரண்டு மடங்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு ஒரு யோசனை. இவருக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறோம். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில்தான் விரலில் குத்திப் பார்ப்பேன், போத்தல் ஏறிய பிறகு ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். 412!

விட்டமின் என்று சொல்லிச் சீனிப்பாகு ஏற்றுகிறானா? நம்பரைப் போட்டோ எடுத்து வைத்தேன். இனி என்ன சொல்லப்போகிறார் பார்ப்போம். ஆஸ்பத்திரிச் சீனி கிளினிக் தாளில் எழுதியிருக்கிறபடி ஆறு யுனிட் இன்சுலின் கூடக் குத்தினேன்.

இவர் தவக்கால வெள்ளி என்று ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடுதான். காலையில் ஒரு பிளேன்டீ, அவ்வளவுதான். மற்ற நாளென்றால் சண்டை பிடிப்பேன். இன்று "நல்லது, சும்மா இருங்க, சீனி எறங்கட்டும்" என்றேன். பின்னேரம் சிலுவைப்பாதை முடிந்துதான் சாப்பாடு.


அதே நாள், 4.15

436. ஏறுகிறது! இன்னும் எட்டு யுனிட் போட்டேன். தாளில் நாலு மணித்தியாலம் பொறுக்கச் சொல்லியிருக்கிறது, ஆனால் இப்படி ஏறினால் எப்படிப் பொறுப்பது? "தலை ஒரு மாதிரியா இருக்குது" என்கிறார். இருக்காதா பின்னே. நாளைக்கு அந்த மேல்மாடிக்குப் போய் இரண்டு நம்பரையும் மேசையில் போடுகிறேன்.


ஏப்ரல் 5, சனி, ஆஸ்பத்திரி

எழுதினாத்தான் மனசு நிக்கும்.

நேத்து அஞ்சரைக்கு இவருக்கு வேர்த்துக் கொட்டுது. சேர்ட் நனைஞ்சு போச்சு. கை உதறுது. "ட்ரோவ் தொறந்திருக்குது, இலை கருகுது, யாராவது போய் மூடுங்கடா"ன்னு கத்துறார். ட்ரோவ்னா பெக்டரியில கொழுந்து வாட்டுற தொட்டி. பென்ஷன் வாங்கி நாலு வருசம் ஆகுது, எந்த இலை? வேர்வை, நடுக்கம், பிதற்றல். சீனி குறைஞ்சா இப்படித்தான் வரும்னு எனக்குத் தெரியும். தெரியுமே! ஓடிப்போய் மீட்டர எடுத்துக் குத்தினேன். 391. அப்ப குறையல, கூடத்தான் இருக்குதுன்னு வாயில வச்ச சீனித் தண்ணியத் திருப்பி எடுத்தேன்.

திருப்பி எடுத்தேன். நான்தான். இந்தக் கையால.

சாலிஹ் நானா வேனை எடுத்தார். "யா அல்லாஹ், யா அல்லாஹ்"ன்னு சொல்லிக்கிட்டே றோட்டுல எதிர்ப்பக்கமா ஓட்டினார். ஆஸ்பத்திரியிலயும் மீட்டர்ல குத்தினாங்க, 370. ஆனா அந்தச் சின்ன வயசு டொக்டர் பிள்ளை நம்பரப் பாக்கல. இவர் நெத்தியத் தொட்டுப் பார்த்தா. நனைஞ்ச சேர்ட்டப் பார்த்தா. இன்னைக்கு என்ன செஞ்சீங்கன்னு சிங்களத்துல கேட்டா. விட்டமின் சீ சேலைன்னு சொன்னேன். எவ்வளவு கிராம்னு கேட்டா. அப்புறம் இரத்தத்த லெப்புக்கு அனுப்பிட்டு, ரிப்போர்ட் வர்றதுக்குள்ளயே குளுக்கோஸ நரம்புல ஏத்தினா.

லெப்ல 29. நானூறு இல்ல. இருபத்தொன்பது.

இவர் கண்ண மூடிக் கெடந்தார். நான் கட்டில் காலப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டேன். அழுதேன். வார்டே பார்க்க அழுதேன்.

அந்த டொக்டர் பிள்ளை பிறகு ஆறுதலாக விளக்கினாள். மீட்டர் சீனியை எண்ணுவதில்லை, சீனியிலிருந்து வரும் இலத்திரன்களைத்தான் எண்ணுகிறது. விட்டமின் சீயும் அதே கம்பியில் இலத்திரனைக் கொடுக்கும். நிறைய ஏற்றினால் சில மீட்டர்களுக்கு எது எது என்று தெரியாது, எல்லாவற்றையும் சீனி என்றே கணக்குச் சொல்லிவிடும். இவரைப்போல் சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனமானவர்களுக்கு மருந்து இரத்தத்தில் கூட நேரம் நிற்கும்.

நான் தலையாட்டினேன். விட்டமின் சீ இலத்திரனைக் கொடுக்கும். இருபத்தாறு வருடமாக அயடீன் கரைசலில் தோடம்பழச் சாறு விட்டு நிறம் போகிறதைக் காட்டி நானே படிப்பித்தது. பிரிட்ஜில் சிவப்பு மையில் நானே திருத்தியது. "வாங்காதடா, கொடுக்கும்!"

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில விழுமாம் துள்ளி.


ஏப்ரல் 6, ஞாயிறு

பின்னேரம் வீட்டுக்கு விட்டார்கள். வேனில் இவர் சொன்னார்: "அந்த விட்டமின் தண்ணி வேணாம் கொறற்றி. பத்தாந் திகதி கண்டிக்குப் போவோம்."

சாலிஹ் நானா, "ஓ ஓ, தண்ணிதான் ஆளைக் கவுத்திச்சு, நானும் விட்டுட்டேன்" என்றார். ஒழுங்கை முழுவதும் இப்போது அதே கதை. ரொஹானின் தண்ணீர் டீமேக்கரைக் கொல்லப் பார்த்தது, டீச்சர் காப்பாற்றினார்.

நான் வாயைத் திறக்கவில்லை.


ஏப்ரல் 7, திங்கள்

ரொஹான் வந்தார். கையில் ஒரு பை அப்பிள், வெள்ளைக் கோட் இல்லை, முகம் வெளிறிப் போயிருந்தது. இவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"பொலிசுக்குப் போயிடாதீங்க டீச்சர். மீட்டர்ல பாக்கக் கூடாதுன்னு நாங்க எழுதித்தானே குடுத்திருக்கோம்."

"எங்க எழுதினீங்க?"

பிரிட்ஜில் இருந்த துண்டுப்பிரசுரத்தைக் கழற்றினார். என் பன்னிரண்டு புள்ளியைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு திருப்பினார். பின்பக்கம், அடியில், எறும்பு ஊர்ந்தது போல எழுத்து: சிகிச்சை பெற்ற நாளில் விரல் இரத்தச் சீனி மீட்டர் பிழையாகக் காட்டலாம்.

ஒவ்வொரு பரீட்சைக்கும் தொண்டை கிழியக் கத்துவேன், "வினாத்தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்க பிள்ளைகளே!" நான் திருப்பவில்லை. முன்பக்கத்தில் பிழை பிடித்த சந்தோஷமே எனக்குப் போதுமாக இருந்தது.

"சீனி வருத்தக்காரன்னு தெரியுந்தானே, வாயால ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கேட்டேன். அவர் அப்பிளை நீட்டினார். அப்பிளைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். அவர் படி இறங்கும்போது, "அண்ணனுக்கு ஒரு போத்தல் சும்மா ஏத்தித் தர்றேன்" என்றார். அடப்பாவி! அந்த வாய்க்கு நூற்றுக்கு நூறு போடலாம்.


ஏப்ரல் 9, புதன்

கணக்கு இதுதான். உண்மையைச் சொன்னால், கவிழ்த்தது விட்டமின் இல்லை, என் ஊசி என்று இவருக்குத் தெரியும். தெரிந்தால் விட்டமினில் பிழையில்லை என்று ஆகிவிடும். நாளைக்குக் கண்டிக்கு வராமல் மேல்மாடிக்குப் போய்விடுவார். சொல்லாவிட்டால் வருவார்.

பெரிய வியாழனுக்கு முன்னம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாதர், "வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். "சொன்னா சாகப் போயிடுவார் பாதர்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் கிடைக்காத கேள்விக்கு நானும் வகுப்பில் அப்படித்தான் நிற்பேன்.


ஏப்ரல் 10, வியாழன், கண்டி

வந்துவிட்டார். கையில் ஊசி ஏறி, போத்தல் சொட்டத் தொடங்கியது. இருபது சொட்டு எண்ணினேன். தாக்கம் தொடங்கிய பிறகு சொன்னால் திரும்பிப் போக மாட்டார் என்று ஒரு கள்ளப் புத்தி. அப்படிப்பட்ட பொம்பிளைதான் நான்.

"என்னங்க, அன்னைக்கு உங்களக் கவுத்தது விட்டமின் இல்ல. நான் போட்ட இன்சுலின். பதினாலு யுனிட். மீட்டர் பொய் சொல்லிச்சு, நான் நம்பிட்டேன்."

இவர் போத்தலைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அந்த டொக்டர் பிள்ளை ஒனக்கு விளங்கப்படுத்தும்போது கண்ணுதான் மூடியிருந்துச்சு, காது தொறந்துதான் இருந்துச்சு."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நாலஞ்சு நாளா நீ ஒருத்தரையும் கிண்டல் பண்ணல. வீடு நல்லா இருந்துச்சு. ஏன் கெடுப்பான்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கவும் வந்தது. "விட்டமின்ல பிழையில்லன்னு தெரிஞ்சும் ஏன் இங்க வந்தீங்க?"

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார்.

"நீ தரையில உக்காந்து அழுததக் கேட்டேன். அதுவரைக்கும் நீ எல்லாத்துக்கும் சிரிச்சிக்கிட்டே இருந்தே. இவளே சிரிக்கிறான்னா பெரிய வருத்தமா இருக்காதுன்னு நெனச்சேன். அன்னைக்குத்தான் சாகப்போற வருத்தம்னு வெளங்கிச்சு." பிறகு, "பெக்டரியில தேர்மோமீட்டர் ஒண்ணு சொல்லும், மூக்கு ஒண்ணு சொல்லும். இலைய மோந்து பாக்காம மெஷின நம்பின டீமேக்கர் எவனும் உருப்பட்டதில்ல. ஒனக்கு நான் ஒரு தடவையாவது சொல்லியிருக்கணும்" என்றார்.

ஊசி இல்லாத கையைப் பிடித்துக்கொண்டேன். நரம்பு தேடவில்லை.


ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. இவர் வாந்தி, நான் வாளி. ஓலையைச் சாலிஹ் நானாவின் மகள் றுக்ஸானா வாசலில் செருகிவிட்டுப் போனாள், யாரிடம் வாங்கினாளோ. ரொஹானைப் பற்றி நாலு பக்கம் எழுதி, சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பினேன். என்னுடைய பிழையையும் அதில் எழுதினேன். இரண்டு பக்கமும் வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.


ஜூன் 12, வியாழன்

நாலாவது கீமோ முடிந்தது. இன்னும் நாலு. மயிர் கொட்டவில்லை, வாய்தான் கொட்டுகிறது, முன்பைவிட அதிகமாகக் கதைக்கிறார். கண்டி பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கு, "எனக்கு நஞ்சு வச்ச டீச்சர் இவங்கதான்" என்று என்னை அறிமுகப்படுத்துகிறார். ஸ்கேன் ஓகஸ்டில். அதற்குமேல் எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன்.

வகுப்பில் தாழ்த்தும் கருவிகள் பாடத்துக்குச் சீனி மீட்டரையும் கொண்டுபோனேன். "டீச்சர், இது எக்சாமுக்கு வருமா?" என்று கேட்டார்கள். வராது, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

பின்னேரம் வீட்டில் மீட்டர்ப் பெட்டியை எடுத்தால் மூடியில் ஒரு தாள். என் சிவப்புப் பேனா, இவருடைய கோணல் கையெழுத்து: "டீச்சர் கவனத்துக்கு. மறுபக்கம் பார்க்கவும்."

திருப்பினேன்.

"முதல்ல என் மூஞ்சியப் பாரு."

பார்த்தேன். வேர்வை இல்லை, நடுக்கம் இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்க்கிற முகம். அதற்குப் பிறகுதான் விரலில் குத்தினேன். 128.